எட்டுக்கும் பத்துக்கும் நடுவே

மொண்டேகு ஆற்றின்மேல் மூடுபனி.
கொயிம்ப்ரா மேட்டில், வேதியியல் கட்டடத்தின் நிலவறையில்
செனான் விளக்கு சூடேறக் காத்திருக்கிறார் லியோனில்டி.
நான் நைட்ரஜன் உருளையை உருட்டி வருகிறேன்.
எந்தக் கட்டுரையிலும் என் பெயர் வராது;
உருளை விழாமல் நின்றால் எனக்குப் போதும்.

"ஆக்சிஜனைத் துரத்து, பல்தசார்.
துளி இருந்தாலும் ஒளியைத் தின்றுவிடும்."
இருபது நிமிடம் குமிழிகள்.
அதற்குள் கதவுக்கு வெளியே நின்று
ஓர் ஆரஞ்சை உரித்தோம், பேசாமல்.

குவார்ட்ஸ் குப்பியில் நான் பார்ப்பது
வெறும் திரவம்.
உள்ளே நீளநீளச் சங்கிலிகளாம்,
பூனை கலைத்த நூல்கண்டுபோல் ஒவ்வொன்றும்
தன்மேல் தானே சுருண்டு.
உடலெங்கும் பைரீன் கட்டிவிட்டிருக்கிறார்,
மாட்டுக்கு மணி கட்டுவதுபோல.
தனித்த பைரீன் ஊதா.
இரண்டு முகத்தோடு முகம் படிந்தால்
நீலப்பச்சை.

நீர்த்த கரைசலில்
ஒரு சங்கிலி இன்னொன்றைத் தொடக் கூடாது.
முதல் குப்பியிலேயே எழுந்தது நீலப்பச்சை.
பத்து மடங்கு நீர்த்தோம். நூறு மடங்கு.
திரையில் அந்தத் திமில்
அதே இடத்தில், அதே விகிதத்தில்.

நள்ளிரவு தாண்டி அவர் சிரித்தார்:
"தன் கையைத் தானே குலுக்கிக்கொள்கிறது, கழுதை!"

கார்னிவல் கழிந்து, மழை ஓய்ந்து,
புதிதாகத் தொடங்கினோம்.
பாதிச் சங்கிலிகளில் பைரீன்.
மறுபாதியில் நாப்தலீன்,
என் அம்மா கம்பளிகளுக்கு நடுவே போடும்
அதே அந்துருண்டைச் சரக்கு.
ஒளியை நாப்தலீனுக்கு ஊட்டுவது.
(பைரீனும் கொஞ்சம் திருடும், கழித்துக்கொள்ளலாம்.)
பைரீன் மின்னினால்,
இடையில் யாரோ கைமாற்றியிருக்க வேண்டும்.
தனக்குத் தானே கொடுக்க
எந்தச் சங்கிலியிடமும் இரண்டும் இல்லை.

லிட்டருக்கு ஒரு கிராம்: அசைவில்லை.
மூன்று. ஐந்து.
மேலே தெருவில் கறுப்பு அங்கி மாணவர்கள்
படிக்கட்டுச் சந்தில் முட்டிமோதி இறங்கும் சத்தம்.
ஏழு. எட்டு.

கோடு நிமிர்ந்தது.
படக்கென்று அல்ல;
தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல.

எந்தத் துளியில் முதல் தொடுகை?
அளவுகோலை வைத்துப் பார்த்தார், எடுத்தார்,
மறுபடி வைத்தார்.
ஒற்றை எண்ணைத்தான் கேட்பார்கள் பேராசிரியர்கள்.
குறிப்பேட்டில் அவர் எழுதியது:
எட்டுக்கும் பத்துக்கும் நடுவே.

நான் உருளையின் அழுத்தத்தைக் குறித்து
கையெழுத்திட்டேன்.
விரல்களில் இன்னும்
ஆரஞ்சுத் தோல் மணம்.