எண்ணூறு

மருத்துவர் இங்கெர் விரல் மடக்கிச் சொன்னார்:
நாளுக்கு எண்ணூறு கலோரி, எட்டு வாரம்.
பதினைந்து நாளுக்கொரு முறை ரத்தம்.
"தனியாக மட்டும் செய்யாதே, ஒட்வார்."

போடோவிலிருந்து தீவுகளுக்குப் போகும் படகில்
நான் சமையல்காரன்.
நூறு வாய்களுக்கு காட் மீன் சூப்.
எனக்கு
வெனிலா மணக்கும் தூள், வெந்நீர்.
ருசி பார்க்காமலே உப்புப் போடப் பழகியது கை.
ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஐந்தாம் வாரம்
பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை.
மாலுமிகள் முதுகில் தட்டினார்கள்.
குளியலறைச் சல்லடையில் கிடந்த முடியை
அவர்களிடம் சொல்லவில்லை.
அடுப்பு முன்னால் நின்றாலும்
குளிர் எலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரம் புயல், பரிசோதனைக்குப் போகவில்லை.
அடுத்த முறை புயலும் இல்லை, போகவில்லை.
எடைதான் இறங்குகிறதே.

ஒரு மதியம் கிளறும்போது
மோதிரம் நழுவிச் சூப்பில் விழுந்தது.
அள்ளி அள்ளித் தேடினேன்.
நெஞ்சுக்குள் எஞ்சின்
ஒரு சுற்றை விட்டுவிட்டு ஓடியது.
பிறகு இன்னொன்றை.

இங்கெர் திட்டவில்லை.
பொட்டாசியம் அளவைத் தாளில் வட்டமிட்டு
என் பக்கம் திருப்பி வைத்தார்.
"அப்படியானால் இது ஆபத்தா?" என்றேன்.
"கடலுக்குப் போவது ஆபத்தா?" என்றார்.

முப்பது வருஷத்தில் ஒரு நாளும்
வானிலை அறிக்கை கேட்காமல்
கயிறு அவிழ்த்ததில்லை எங்கள் படகு.

மோதிரத்தை ஒரு ஜெர்மன்காரி
கரண்டியில் கண்டெடுத்துத் தந்தாள்.
இப்போது அது நடுவிரலில்.
காலையில் கம்பு ரொட்டி ஒரு துண்டு, மெல்லுகிறேன்.
தொப்பை கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
இறங்கும்.
இறங்காமலும் போகலாம்.