கோட்டுக்கு இந்தப் பக்கம்

இடித்துவிட்டார்கள் என்றுதான் சொன்னார்கள்.
முழுக்க இடிக்கவில்லை.
கிழக்கு கேலரியில் ஏழு படிகள் மிச்சம்.
எடுத்தால் பின்னாலிருக்கும் மேடு சரியும் என்று
பொக்லைன்காரன் பயந்து விட்டுப்போனவை.
டிக்கெட் கொடுத்த பொந்தும் இருக்கிறது:
ஓர் ஆள் அகலச் சுவர்,
நடுவில் கை நுழையும் ஓட்டை,
அதன் மேல் 'பெண்கள் 50 பைசா' என்றிருந்ததில்
பைசா மட்டும்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தேன்.
யாரிடமும் வழி கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எதற்கு என்று கேட்பார்கள்.

ரிசார்ட் வருவதாக இருந்தது. கோர்ட்டில் தடை.
தகர வேலிக்குள் ஒரு காவலாள்,
பெயர் சோம்ரா, ராஞ்சிக்கு அந்தப் பக்கம்.
அவன் தமிழும் என் இந்தியும் ஒரே உயரம் என்பதால்
பேச்சு சமமாகப் போயிற்று.
"என்ன தேடுது?"
"கோடு."
அவன் என் செருப்பைப் பார்த்தான்,
பிறகு வேலியைத் திறந்தான்.

தேயிலைக்குப் பிடித்த புளித்த மண் இது.
சனிக்கிழமை தவறாமல் போஜன்
தகர வாளியோடு குனிந்து நடந்து
சுண்ணாம்பு போட்டான், இருபத்தாறு வருடம்.
சுண்ணாம்பு விழுந்த இடத்தில் மட்டும்
வேறு புல் வந்திருக்கிறது,
மூன்று இலை, கரும்பச்சை, ஒரு சாண் அகலம்.
நடுவட்டத்தில் பாதி,
மீதியை ஜல்லி மூடியிருக்கிறது.
கிழக்கு கோல் கோடு முழுசாக.
போஜன் செத்த பிறகும் கோணல் இல்லை.

நான் லைன்ஸ்மேன். வார நாளில்
ஃபேக்டரியில் இலை எடை போடும் கிளார்க்.
ஞாயிற்றுக்கிழமை கையில் கொடி.

எண்பத்தேழு ஃபைனல்.
ஹட்டிப் பையன்கள் ஒரு பக்கம்,
சிலோன் லைன் ஆட்கள் மறுபக்கம்,
கேலரியில் இரண்டு மொழியில் வசவு.
ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது
பனி இறங்கிற்று,
பாலில் துணி நனைப்பது போல.
பந்து மேல் கம்பியில் பட்ட சத்தம் கேட்டது.
கீழே விழுந்த சத்தமும் கேட்டது.
எங்கே விழுந்தது என்று
சத்தம் சொல்லவில்லை.

மூவாயிரம் பேர் என் கையைப் பார்த்தார்கள்,
அல்லது என் கை இருக்கவேண்டிய பனியை.
நான் கொடியை உயர்த்தி
நடுவட்டத்தை நோக்கி ஓடினேன்.
கோல்.

குழாயடியில் கோல்கீப்பர் பரஞ்சோதி
முகம் கழுவிக்கொண்டே கேட்டான்:
"பாத்தீங்களா சார்?"
"பாத்தேன்."
அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.
ஆனால் அவன் மனைவி இலை கொண்டுவரும் நேரமெல்லாம்
எங்கிருந்தாலும் வந்துவிடுவான்.
தராசு முள் நிற்கும்வரை முள்ளையே பார்ப்பான்.
எழுதும்போது என் பேனாவைப் பார்ப்பான்.
நான் ரிட்டயர் ஆகும்வரை பார்த்தான்.
ஒரு கிராம் குறைத்து எழுதியதில்லை நான்.
அதை யாரிடம் சொல்வது.

இன்று கார்னர் கொடி இருந்த இடத்தில்
சிமெண்ட் மூட்டை கல்லாகிக் கிடந்தது.
அதன்மேல் ஏறி நின்று
கோட்டின் நீளத்துக்குப் பார்த்தேன்.
வெயிலில் எல்லாம் தெரிகிறது.
எறும்பு கோட்டைத் தாண்டினால்கூடச் சொல்வேன்.

மூன்றரைக்குப் பனி வந்தது.
கோட்டின் முதல் பாதி போயிற்று, அப்புறம்
சோம்ரா நட்டிருந்த இரண்டு பெயிண்ட் டின்கள்.
தனியாகத்தான் ஆடுவானாம்.
பந்து உதைபடும் சத்தம்.
தகரத்தில் பட்ட சத்தம்.
உள்ளிருந்து குரல்:
"உள்ளேயா, வெளியேயா?"

"பாக்கல," என்றேன்.

கேட்கவில்லை போலிருக்கிறது.
"என்ன?"
"நான் பாக்கல. பனி. எனக்குத் தெரியல."
சத்தமாகத்தான் சொன்னேன்,
ஏழு படிகளுக்கும் கேட்கும்படி.

"சரி," என்றான் அவன்,
பந்தைத் தேடி எடுத்துவந்து
மறுபடி வைக்கும் சத்தம் கேட்டது.