கடைசி இணைப்பு

ராயக்கோட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி
தக்காளி வயல்களுக்கு நடுவே
முன்பு பட்டுப்புழு வளர்த்த கட்டடம்.
என் கணக்கெடுப்பில் கடைசி இணைப்பு அது.
நாய் இல்லை. கதவில் பெயர் இல்லை.
வெளிச்சுவரில் மீட்டர் மட்டும்.
மற்ற வீடுகளில் அதன் சிவப்புப் பொட்டு
சிமிட்டும், யோசிக்கும், மறுபடி சிமிட்டும்.
இங்கே சிமிட்டுவதே தெரியாது.

ஆனியில் எழுதியது
இருபத்து மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
தப்பாக அழுத்திவிட்டேனென்று
அழித்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
மேல்தெரு, கீழ்த்தெரு, காலனி,
பால் சொசைட்டி, மாரியம்மன் கோயில் குழல்விளக்கு,
தொண்ணூற்று நான்கு இணைப்பையும் கூட்டினாலும்
இதற்குக் கொஞ்சம் குறையும்.

காவல்காரர் மாதேசன் ஒருமுறை கதவைத் திறந்து காட்டினார்.
ஆறு இரும்பு அலமாரி. பச்சைப் புள்ளிகள்.
முகத்தில் அடித்த குளிரில் கண்ணாடி மங்கிற்று.
"புழுவுக்கும் இருபத்தஞ்சு டிகிரி, இதுக்கும் இருபத்தஞ்சு டிகிரி.
செவுத்தப் பாத்துட்டுத்தான் வாடகைக்கே வந்தாங்க மேடம்."
புழு நான்குமுறை தோலுரிக்கும்,
ஒவ்வொரு முறையும் தின்பதை நிறுத்தித் தூங்கும்.
பழுத்துவிட்டால் அப்புறம் ஓர் இலைகூட வேண்டாம் அதற்கு.
இது தூங்குவதும் இல்லை, பழுப்பதும் இல்லை.

"பெங்களூர்ல ஒரே எடத்துல வெச்சா
கரண்டு, தண்ணி எல்லாம் தகராறாம்.
அதான் ஒடச்சி ஒடச்சி
ஊருக்கு ஒண்ணா வெக்கிறாங்க."

மலையை உடைத்து அனுப்புவதை
இந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.
ஜல்லி கைக்குள் அடங்கும்.
எடைமேடையில் லாரிகளை வரிசையாக ஏற்றினால்
மலை அப்படியே இருக்கும்.

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு பெரிய மின்விசிறி
உள்சூட்டை வெளியே தள்ளும்.
மாதேசன் மனைவி லகுமம்மா
அதன் எதிரே கயிறு கட்டி
மகளின் பள்ளிச் சீருடையைக் காயப்போடுவாள்.
ஊருக்கு அதனால் கிடைத்ததென்று
நான் பார்த்தது அது ஒன்றுதான்.

ஆவணியில் போனேன்.
பொட்டு சிமிட்டியது, யோசித்தது.
ஆறாயிரத்து எண்பது.
மீட்டர் பழுதா, கொக்கி போட்டுவிட்டார்களா,
உதவிப் பொறியாளருக்கு போன் செய்யப் போனவளை
லகுமம்மா நிறுத்தினாள்.
"ஆடி பொறந்ததுலேர்ந்து துணியே காயல, மேடம்."

கயத்தாறு பக்கம் காற்றாம்.
காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகின்றனவாம்.
அங்கே மின்சாரம் மலிவென்று
வேலையை அங்கே அனுப்பிவிட்டார்களாம்.
லாரி வரவில்லை. ஆள் வரவில்லை.
அலமாரிகள் அங்கேயே நிற்கின்றன.

என் தம்பி நாகேசன் ஓசூருக்கு வேலை தேடிப் போனபோது
பாய், குக்கர், இரண்டு தலையணை,
பஸ் படியில் ஒரு சண்டை.
இந்த வேலைக்கு
பஸ் கட்டணம்கூட இல்லை.

அந்த ஒன்றரை மாதம்
கோவிந்தப்பாவின் மோட்டார் இருமாமல் ஓடியது.
புது ஸ்டார்ட்டர் போட்டதால் என்றார்.
நான் மறுக்கவில்லை.

ஐப்பசி. தெற்கே காற்று ஓய்ந்திருக்க வேண்டும்.
சிவப்புப் பொட்டு மறுபடி கோடாகிவிட்டது.
எண்ணைக் கைபேசியில் பதிந்து
'அனுப்பு' தொட்டேன்.
சின்ன வட்டம் சுழன்றது.
எங்கே போகிறது இந்த எண்?
சென்னைக்கு என்பார்கள்.
கயத்தாறாக இருக்கலாம்,
நான் சாய்ந்து நிற்கிற இந்தச் சுவருக்குப் பின்னாலும்.
அது தின்ற கணக்கை
அதன் வாயிலேயே போட்டேனோ என்னவோ.
மீட்டரைப் பார்த்தேன்.
எனக்காக எரிந்தது எவ்வளவு என்று
அந்தக் கோட்டில் பிரிக்க முடியவில்லை.

தூறல் பிடித்தது.
மாதேசன் மகள் ஓடிவந்து
கயிற்றிலிருந்து சட்டையை உருவினாள்,
கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.
காலர் மட்டும் இன்னும் ஈரம்.