செவ்வாய்க்கிழமை இணைப்பு

தரானில் மருத்துவமனை இருக்கிறது.
இருக்கிறது என்று சொல்வது சுலபம்.
எங்கள் மலையிலிருந்து தொங்குபாலம் வரை ஆறு மணி நேர நடை,
அப்புறம் ஜீப், ஜீப்புக்கு அப்புறம் பேருந்து.
மழை பிடித்துக்கொண்டால்
நடுவில் சாலை என்று ஒன்று இராது.

ராணுவம் கொடுத்த அட்டையில்
சிகிச்சை இலவசம் என்று அச்சிட்டிருக்கிறது.
ஹர்க்கஜித் லிம்பு அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச்
சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.
பதினோரு வருடமாக நனையவில்லை.
பயன்படவும் இல்லை.

போன கார்த்திகையில்
ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கேட்டார்கள்.
நான் சாகவில்லை என்று நேரில் போய்ச் சொல்ல
சுமைகூலி தாவா அவரை
மூங்கில் கூடையில் வைத்து முதுகில் தூக்கினான்.
கூடையில் போகிறவன் முன்னால் பார்க்க முடியாது.
வந்த வழி சிறுத்துப்போவதைப் பார்த்தபடியே
மலை இறங்கினார்.
வரிசையில் நின்றபோது மயங்கி விழுந்தார்.
எழுத்தர் குனிந்து பார்த்துவிட்டு
முத்திரை குத்தினார்: உயிரோடிருக்கிறார்.

நான் இங்கே சுகாதார நிலையத்துச் செவிலி.
எடை பார்க்கும் கருவி ஒன்று, அதுவும் மூன்று கிலோ கூட்டிக் காட்டும்.
காய்ச்சல் மாத்திரை, உப்புக்கரைசல் பொட்டலம்.
இந்த வைகாசியில் கோவேறு கழுதை மேல் வந்தன
ஒரு சோலார் பலகை, ஒரு மடிக்கணினி,
செவ்வாய்தோறும் பத்து மணிக்கு
தரானிலிருந்து ஒரு டாக்டரின் முகம்.

முதல் செவ்வாய்
முகம் சதுரம் சதுரமாக உதிர்ந்தது.
குரல் நான்கு விநாடி பிந்தி வந்தது.
அவள் கேட்கிறாள், இவர் சொல்கிறார்,
சொல்லும்போதே அவள் மறுபடி கேட்கிறாள்,
இருவரும் சேர்ந்து பேசி
இருவரும் சேர்ந்து நின்றுபோனார்கள்.
வெளியே காத்திருந்த செவிட்டு இந்திரதோஜ்
என்ன என்ன என்று கத்தினார்.

ஹர்க்கஜித் கையை உயர்த்தினார்.
இருபத்திரண்டு வருடம் வயர்லெஸ் தூக்கிய கை.
"டாக்டர் சாப், பேசி முடித்ததும்
ஓவர் சொல்லுங்கள். ஓவர்."

நான்கு விநாடி.
டாக்டர் பிரணிதா சிரித்ததும் பிந்தித்தான் வந்தது.
"கால் மரத்திருக்கிறதா? ஓவர்."
"இடது. மூன்று விரல். முள் ஏறினாலும் தெரியாது. ஓவர்."
"புண் உண்டா? ஓவர்."
"உண்டு. மனைவிக்குத் தெரியாது. ஓவர்."
"இரவில் தூக்கம்? ஓவர்."

"ஒரு பனிக்காலத்தில்
ஸ்ட்ரெச்சர் அனுப்பச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டேன்.
மறுமுனை கேட்டதா என்று இன்றுவரை தெரியாது.
பையன் என் பக்கத்தில்தான் கிடந்தான்."

ஓவர் வரவில்லை.
இணைப்பு அறுந்ததோ என்று பார்த்தேன்,
பச்சை விளக்கு எரிந்தது.
தகரக் கூரையில் மழை தொடங்கியது.
திரையில் அவள் கண் இமைத்தாள், வாய் திறக்கவில்லை.
பட்டரி முப்பதிலிருந்து இருபத்தாறுக்கு இறங்கியது.
இன்னும் ஐந்து பேர் பெஞ்சில்.
நான் கையைப் பிசைந்தேன், அவர்கள் பிசையவில்லை.

"விடியப்போகும்போது தூங்குகிறேன். ஓவர்."

"கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓவர்," என்றாள்.

பிறகு அட்டை எண் கேட்டாள்.
கேமரா முன் நீட்டினார்.
உறை பளபளத்து எழுத்தை மறைத்தது.
பிரித்து எடுக்கையில் ஓரம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிழிந்தது,
"பரவாயில்லை" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.
எண்களை ஒவ்வொன்றாக,
எதிரிக்கும் கேட்கலாம் என்பதுபோல் தணிந்த குரலில் வாசித்தார்.
இரண்டாம் முறையும் வாசித்தார்.

இன்சுலின் அடுத்த வாரக் கழுதையில் வருமாம்.
எங்களிடம் குளிர்பெட்டி இல்லை.
ஓடைக்குள் எந்தக் கல்லிடுக்கு அதிகம் சில்லிடும் என்று
இன்று மாலை போய்ப் பார்க்க வேண்டும்.

இந்திரதோஜ் உள்ளே வந்து உட்கார்ந்தார்.
கணினியைப் பார்த்து,
ஒரு வார்த்தையும் பேசுவதற்கு முன்பே,
கூரை அதிரக் கத்தினார்:
"ஓவர்!"