கிராம்பு

எழுபத்திரண்டு பயணிகள், எழுபது சிப்பந்திகள்.
தலையணையில் ஆறு வகை உண்டென்று
கட்டிலில் அட்டை வைத்திருந்தார்கள்.
காலையில் ஸ்ட்ராபெர்ரி, ஜன்னலில் பனிப்பாறை.
இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க
முட்டி போட்டாள் பக்கத்து மேசைப் பெண்மணி.

கிழக்கு கிரீன்லாந்தில் ஓர் ஊருக்கு
ரப்பர் படகில் இறங்கினோம்.
எல்லோருக்கும் ஒரே சிவப்பு மேலங்கி, கப்பல்காரர்கள் தந்தது.
சரக்குக் கப்பல் இன்னும் வரவில்லை;
கடையில் வெங்காயம் இல்லை,
அஞ்சலட்டை இருந்தது.

கரையில் நாவாரானா என்றொருத்தி
டேனிஷில் கேட்டாள்:
"உங்களில் பல் டாக்டர் யாராவது?"
அவள் மகன் கன்னத்தைப் பொத்தியபடி
எங்கள் பூட்ஸுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓர்ஹூஸில் முப்பத்தொரு வருடம் பல் பிடுங்கியவன் நான்.
வாயைத் திறக்கவில்லை.
விடுமுறை. குறடு இல்லை. ஊசி இல்லை.
காரணங்கள் சொத்தையில்லாமல்
வரிசையாக நின்றன.

மதியம் கப்பல் சமையற்கட்டில் கிராம்பு கேட்டேன்.
"வாத்துக்கு எண்ணி வைத்தது" என்றார் சமையல்காரர்.
எண்ணாமல் அள்ளிக் கொடுத்தார்.

கடைசிப் படகில் திரும்பிப் போனேன்.
இடது, கீழ்க்கடைவாய்.
மினிக் முதலில் என் விரலைக் கடித்தான்,
அப்புறம் கிராம்பை.
"உங்கள் டாக்டர் எப்போது வருவார்?"
"வானம் விட்டால்" என்றாள்,
ஹெலிகாப்டர் இறங்கும் மேட்டைக் காட்டி.

இரவு விருந்தில் வாத்து.
ஏதோ குறைகிறது என்றார் ஒரு வங்கிக்காரர்.
என் விரலில் பல்தடம் நான்கு.

கதவிடுக்கில் செருகிய தாள்
நாளை இன்னோர் ஊர் என்கிறது.
சட்டைப்பையில் மிச்சம்
பதினாறு கிராம்பு.