அரைப்புள்ளி

பெரிய எழுத்துக்கு ஆசைப்பட்டுத்தான்
இந்தச் செயலியைக் கணினியில் இறக்கினேன்.
கைபேசியில் முகமெல்லாம் மிளகு அளவு.
இங்கே மூன்று பத்தி, ஒரு தேடல் கட்டம்,
ஓரத்தில் மேலிருந்து கீழாக
ஏழு பச்சைப் புள்ளிகள்.

சேரும்போது யாரும் விலாசம் கேட்கவில்லை.
தகப்பன் பெயர், வீட்டுக்காரர் பெயர்,
எந்தக் கோயில், எந்தப் பிரிவு
எதற்கும் கட்டம் இல்லை.
ஒரு பொத்தான்,
அறுபத்து மூன்று எழுத்தில் ஒரு சாவி.
நாயன்மார் கணக்கு என்று சிரித்துக்கொண்டு
மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுதி வைத்தேன்,
'கண்டனூர் சொர்ணவல்லி, நூற்றொன்று' என்ற
வரிக்குக் கீழே.
தொலைத்தால் நீ நீயில்லை,
திருப்பித் தர இங்கே ஆபீஸ் கிடையாது
என்று செயலி சொன்னது.
நல்லது என்றேன்.

ஏழு புள்ளி ஏழு ரிலே, ஆச்சி.
ஏழு ஊரில் ஏழு பேர் ஓட்டுவது.
நீங்கள் எழுதுவது ஏழிலும் போய் உட்காரும்,
ஒன்று படுத்தால் ஆறு பேசும்,
தலைமை என்று ஒன்று இல்லை.
விளக்கியவன் பெரியகருப்பன்,
செக்காலை ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிறவன்.
ஏழாவது ரிலே அவனுடையது,
வார்னிஷ் டப்பாக்களுக்கு நடுவே
மேசைக்கடியில் ஓடுகிறது.

எங்கள் ஒன்பது கோயில் மாதிரி என்றேன்.
ஒன்றுக்கு மேல் ஒன்றில்லை,
ஒவ்வொன்றிலும் ஓர் ஏடு.
எனக்கு அதெல்லாம் தெரியாதே ஆச்சி என்றான்.

தெரியாமலே இருக்கட்டும்.
அந்த ஏட்டில் தம்பதி என்றால் ஒரு புள்ளி.
போன தையில் அவர் போனார்.
மாசி வரி ரசீதில் நான்
அரை.
எழுதியவர் பேனா தயங்கின மாதிரி தெரியவில்லை,
மை ஒரே சீராக இருந்தது.

ராத்திரி ஒன்றேகால்.
கரன்ட் போய் யு.பி.எஸ். கீச்சிட்டது.
நான்கு நிமிடம் தாங்கும்.
அதற்குள் அடித்தேன்:
'அரைப்புள்ளிக்கு அரை வயிறா பசிக்கிறது?
ரேஷன் கடைக்காரன்கூட
என்னை முழுசாகத்தான் எண்ணுகிறான்.'
அனுப்பினேன். திரை அணைந்தது.

விடிந்ததும் பயம்.
தேவகோட்டையில் சுவருக்குக் காது இல்லை,
வாய் உண்டு.
அழி என்று அழுத்தினேன்.
இந்த வலையில் அழிப்பது ஆணை இல்லை,
வேண்டுகோள் மட்டும்.
கேட்பதும் கேளாததும் அவரவர் பாடு.
ஆறு பேர் கேட்டார்கள்.
ஏழாவதில் என் வாக்கியம்
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

அதற்குள் கீழே பதில்கள்.
பினாங்கிலிருந்து யாரோ: நானும் அரைதான்.
பெயரில்லாத ஒரு சாவி:
என் அண்ணன் கல்யாணமே செய்யவில்லை,
ஐம்பத்தெட்டு வயசு,
அவன் கணக்கிலேயே இல்லை.
இன்னொன்று வெறும் புள்ளி.
கேலியா, கையெழுத்தா,
இன்றுவரை தெரியாது.

பத்து மணிக்குக் கொழுந்தன் லெட்சுமணன் போன்:
கூட்டத்தில் யாரோ வாசித்துக் காட்டினார்களாமே.
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல?
அதன் கீழே இருப்பது என் சாவியின் கையொப்பம்,
வேறொருத்தி என்றால்
கணக்கு ஒத்துக்கொள்ளாது.

பெரியகருப்பனைக் கூப்பிட்டேன்.
அச்சச்சோ ஆச்சி,
அழிக்கச் சொன்னால் கேட்கிற அமைப்பை
நான் போடவே மறந்துட்டேன்.
இப்பவே தூக்கிடவா?
அவன் பின்னால் யாரோ
ஐந்து ஹெச்பி மோட்டாருக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்தில் அந்த ஏழாம் பச்சையைப் பார்த்தேன்.
கொஞ்சம் விட்டு விட்டு எரிந்தது,
அவன் ஊரிலும் மின்னழுத்தம் சரியில்லை போல.

உன் ரிலேவுக்கு கரன்ட் பில்
மாசம் எவ்வளவு கூடுது என்றேன்.
நூற்றெண்பது இருக்கும், எதுக்கு ஆச்சி?
பாதி தர்றேன் என்று
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
விழுங்கிக்கொண்டு,
முழுசும் நான் தர்றேன்,
அது அங்கேயே கிடக்கட்டும் என்றேன்.