பாலம் உள்ள கட்டங்கள்

ஞாயிறு காலை பத்து மணிக்கு டிக்கெட் திறக்கும் என்றார்கள்.
முதல் பூசை முடிந்து
ஒன்பதே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டேன்,
சார்ஜர் ஒயர் எட்டுகிற தூரத்தில்.

என் கட்டைவிரலைப் போன் நம்பாது.
பதினோரு வருஷம் அண்டி தல்லிய கை.
கொட்டை எண்ணெய் தின்றது போக மிச்சமிருக்கும் தோலில்
ரேகை என்று ஒன்றும் இல்லை.
ரேஷன் கடையிலும் இதே கதை.
மூன்று தடவை துடைத்து வைக்கச் சொல்லிவிட்டு
வீட்டில் வேறு யாரையாவது அனுப்பு என்பார்கள்.

மோதிர விரலால் தொட்டேன்.
சக்கரம் சுற்றியது.
உங்களுக்கு முன்னால் 41,326 பேர்.

கருங்கல் சந்தையில் அத்தனை பேர் நின்றால்
வியர்வை தெரியும், குடை தெரியும்,
எவன் இடையில் நுழைகிறான் என்று தெரியும்.
இங்கே ஒருத்தர் பிடரிகூடத் தெரியவில்லை.

என் முறை வந்தது.
நீங்கள் மனிதர்தானா என்று கேட்டது.
ஒன்பது கட்டம். பாலம் உள்ளவற்றைத் தொடுக.
ஆறாவதில்
நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரியே ஒன்று.
ஆள் நடந்தால் பாலம்.
தண்ணீர் நடந்தால் அது கால்வாய் அல்லவா?
அப்படி யோசித்ததுதான் தப்பு.
நேரம் முடிந்தது, மறுபடி முயலவும்.
மறுபடி முயன்றபோது
எல்லா இருக்கையும் சாம்பல் நிறம்.

சாயந்தரம் ஜோபின் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான்:
நாப்பத்து மூணு டிக்கெட் கையில உண்டு,
799 உள்ளது 3,500, வேணும்னா சீக்கிரம்.
கூடவே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி.

ஜோபின் எங்கள் தெருதான்.
அவன் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று இருக்கிறதாம்.
நாற்பத்து மூன்று பெயரில் வரிசையில் நிற்குமாம்,
பாலம் கேட்டால் யோசிக்காமல் தொடுமாம்.
அதை மனிதர் என்று ஒத்துக்கொண்டார்கள்.

"எனக்க கிட்ட எதுக்கு கோவப்படுதிய?
ஆசைக்கு வெல உண்டு, பாத்துக்கிடுங்க."
ஒரு பாட்டையும் முழுதாய்க் கேட்காதவன் சொன்னது.
அண்டியாப்பீஸ் ஷெட்டில் அறுபது பெண்கள்,
ரேடியோவில் அந்தப் பாடகரின் குரல் ஏறும் இடத்தில்
சுத்தியலை ஒரு நொடி நிறுத்துவோம்.
மேஸ்திரிக்கு அது தெரியும்.

ஆனாலும் போனேன். கிளாடிஸும் வந்தாள்.
நாகர்கோவிலில், மைதானச் சுவருக்கு வெளியே
இருநூறு பேராவது நின்றிருப்போம்.
ஆரல்வாய்மொழிக் காற்று அன்று வேறு கட்சி.
பல்லவி வரும். சரணம் பறந்துவிடும்,
எந்த வாழைத்தோட்டம் கேட்டதோ அதை.

ஏழு மணிக்கு மூவாயிரம்.
எட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு.
தூறல் விழுந்ததும் ஆயிரம்.
ஒன்பதரைக்கு ஜோபினே தேடி வந்தான்,
சட்டை நனைந்து, கையில் பதினொன்று மிச்சம்.
"எக்கா, போட்ட வெலைக்கே எடுங்க.
வட்டிக்கு வாங்கின காசாக்கும்."

உள்ளே கடைசிப் பாட்டு தொடங்கியிருந்தது.
கிளாடிஸ் என்னை இடித்தாள்:
"வாங்கு பிள்ளே, ஒரு பாட்டுன்னாலும் பாட்டுதானே."
பர்ஸில் எண்ணூறு இருந்தது.
அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.
எண்ணூறு ரூபாய்க்குப் பாவப்பட
என்னால் முடியவில்லை.

கடைசி பஸ்ஸில் உள்ளே போய் வந்த பிள்ளைகள்,
மணிக்கட்டில் இன்னும் மினுங்கும் பட்டை.
ஒருத்தியிடம் கேட்டேன்,
அந்தப் பாட்டு பாடினாரா என்று.
"வீடியோ எடுத்திட்டிருந்தேன் ஆன்டி,
பாத்திட்டுச் சொல்லுதேன்."
பார்த்து முடிப்பதற்குள் திங்கள்சந்தையில் இறங்கிவிட்டாள்.

டிக்கெட் டிக்கெட் என்று கண்டக்டர் நெருக்கியடித்து வந்தார்.
பெண்களுக்குக் கட்டணமில்லை.
ஆனாலும் கிழித்துக் கொடுத்தார்,
இரண்டு பேருக்கு இரண்டு,
பூச்சியம் ரூபாய் என்று அச்சடித்தது.
விரலைக் கேட்கவில்லை, பாலத்தைக் கேட்கவில்லை.

கிளாடிஸ் தன்னுடையதைச் சுருட்டி
காது குடைந்துகொண்டே தூங்கிப்போனாள்.